கேட்டடிப் பிள்ளைகளின் வண்டி

ஊஞ்சவலசு நெசவாளர் சொசைட்டிக் குடோனுக்குப் பின்னால், முள்ளும் புதரும் மூடி, கோழிகள் முட்டையிட்டுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த அந்தப் பழைய ஸ்டேஷன் வேகனை மறுபடியும் ஆளாக்கிவிடுவது என்று சொசைட்டியின் வைரவிழாக் கமிட்டி முடிவு செய்த மறுநாள் காலையில், டிங்கர் பட்டறை பருவதம் ஒரு சாக்பீஸ் துண்டும் ஒரு மரச்சுத்தியும் எடுத்துக்கொண்டு போய், எந்த வண்டி வந்தாலும் முதல் காரியமாகச் செய்வதைப் போல, தகரம் எங்கே செத்திருக்கிறது, எங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சுற்றிப் பார்த்து, இடது மட்கார்டில் ஒரு வட்டம் போட்டாள். கடைவீதியில், துண்டு மொத்த வியாபாரக் கடைக்குள் உட்கார்ந்திருந்த சொசைட்டித் தலைவர் சென்னியப்பன் இடது தோளைச் சொறிந்துகொண்டார்.

சொறிந்ததோடு போயிருந்தால் கொசு என்று விட்டிருப்பார். பருவதம் அடுத்து அந்த வட்டத்துக்குள் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினாள். பழைய பட்டிப் பூச்சு எவ்வளவு கனத்துக்கு அப்பியிருக்கிறது என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ளத்தான், பலமாகக்கூட இல்லை. சென்னியப்பன் "ஆத்தா" என்று தோளைப் பிடித்தார். அதே தட்டுக்கு டீக்கடை அவிநாசி ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கல்லாப்பெட்டிக்குள் ஊற்றினான், விசைத்தறிக் கொட்டகையில் சரசாள் தறியை நிறுத்திவிட்டுத் தோளைத் தடவினாள், கல்யாண மண்டபத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை வீட்டார் இலையில் ரசத்துக்கு முன்னாலேயே பாயசத்தைக் கவிழ்த்தார், அப்படி ஊரெங்கும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதுக்காரர்கள் பலர் ஒரே நேரத்தில் ஒரே தோளைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வலித்தவர்கள் எல்லாரும் கேட்டடிப் பிள்ளைகள். வலிக்காதவர்கள் யாரும் கேட்டடிப் பிள்ளைகள் இல்லை. யாரும் வாயைப் பிளக்கவில்லை. பெற்ற வயிற்றில் அடித்தால் பிள்ளைக்கு வலிக்காதா என்று சரசாள் கேட்டாள், அதற்கு மேல் அதில் கேட்க ஒன்றுமில்லை என்று ஊர் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

கேட்டடிப் பிள்ளைகள் யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஊஞ்சவலசில் ஆஸ்பத்திரி கிடையாது. தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். அந்தக் கேட்டோ, ஊரில் எவளுக்காவது வலி எடுத்துவிட்டது என்று தெரிந்துகொண்டு மூடுவதைப் போல மூடிக்கொள்ளும். ஊரில் இருந்த ஒரே மோட்டார் வண்டி, சந்தைக்குத் துண்டு மூட்டை ஏற்றிப் போவதற்காகச் சொசைட்டி வாங்கிய இந்த ஸ்டேஷன் வேகன்தான். பின் சீட்டை மடக்கினால் ஒரு கட்டில் அகலத்துக்குச் சமதளம் கிடைக்கும், பின் கதவு கூரையோடு சேர்த்து மேலே தூக்கிக்கொள்ளும். வலி கண்ட பெண்களைத் துண்டு மூட்டைகளின் மேல் படுக்க வைத்து, டிரைவர் ஆறுச்சாமி ஹாரனில் கையை வைத்தபடியே கிளம்புவார். ஹாரன் கேட்டதும் கேட்கீப்பர் கேட்டைத் திறக்க மாட்டார், அது அவர் கையில் இல்லை, ரயில் போனால்தான் திறக்கலாம். ஆனால் அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுவார். வண்டி நிற்கும், சரக்கு ரயில் அசைந்து அசைந்து போகும், கடைசிப் பெட்டி போவதற்குள் வண்டிக்குள்ளிருந்து புதிதாக ஓர் அழுகை கேட்கும், கேட்கீப்பர் சுடுதண்ணீர் வாளியோடு வந்து நிற்பார். பிள்ளையைக் கஞ்சி வாசம் போகாத புதுத் துண்டில் சுற்றிக்கொண்டு, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று அங்கேயே வண்டியைத் திருப்பி ஊருக்கு வந்து சர்க்கரை கொடுப்பார்கள்.

அப்படிப் பிறந்தவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்தால் மண்டபம் போதாது. கட்டிலில் பிறந்தவர்களைவிடத் தாங்கள் ஒரு படி மேல் என்று அவர்களுக்கு நினைப்பு. மோட்டாரில் பிறந்தவன் நான் என்று சொல்லித்தான் அவிநாசி கடன் பாக்கிக்காரர்களை மிரட்டுவான். வயதில் மூத்தவர்கள் இருந்தாலும் அவர்களுக்கெல்லாம் தலைமகள் பருவதம். டிரைவர் ஆறுச்சாமியின் சொந்த மகள், அதே வண்டியில் பிறந்தவள், வளர்ந்து தகரத்தை வளைக்கக் கற்றுக்கொண்டு, நசுங்கிய லாரிக் கேபினைத் தனியாளாக நிமிர்த்துகிற கை படைத்தவள். கோயில் திருவிழாவில் கேட்டடிப் பிள்ளைகளுக்கு என்று தனிப் பரிவட்டம் கட்டுவார்கள், முதலில் அவளுக்குத்தான் கட்டுவார்கள். அந்தப் பரிவட்டத்தை அவள் துவைத்து மடித்துப் பீரோவில் பட்டுப்புடவைக்கு மேலே வைத்திருந்தாள். அவள் பெருமைப்பட்ட விஷயங்கள் ஊரில் அதிகமில்லை, ஆனால் இது ஒன்று மற்றதற்கெல்லாம் சேர்த்துப் போதுமானதாக இருந்தது.

வண்டியைச் சீர்ப்படுத்தத் திட்டம் போடுவது அதற்குப் பிறகு பட்டறைச் சமாச்சாரமாக இல்லாமல் ஊர்ச் சமாச்சாரமாகிவிட்டது. எந்த மூலையில் எப்போது கை வைப்பது என்று பருவதம் பட்டறைத் தரையில் வண்டியின் படத்தை முழு அளவுக்குச் சாக்பீஸால் வரைந்து போட்டாள், அதைச் சுற்றி நின்று ஊரே பேசியது. முகூர்த்த நாட்களில் துரு சுரண்டக் கூடாது. தறிக்கு அவசர ஆர்டர் இருக்கும் வாரத்தில் பின் கதவின் கீலைத் தொடக் கூடாது, இடுப்பு போய்விடும். ஒரு வாரத்தில் ஒரு பக்கம் மட்டும் தட்ட வேண்டும், இன்னொரு பக்கமாவது ஒருக்களித்துப் படுக்க வேண்டுமல்லவா. தட்டும்போது பக்கத்தில் வலி சொல்ல ஓர் ஆள் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்றும் முடிவானது. அவன் முகம் சுளிக்கிற அளவைப் பார்த்துச் சுத்தியின் கனத்தை ஏற்றி இறக்க வேண்டும். அந்த நாற்காலிக்குப் போட்டி வந்தது, ஏனென்றால் உட்காருகிறவருக்கு அவிநாசி கடையிலிருந்து டீ இலவசம்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் ஊஞ்சவலசுக்காரர்கள் சாமர்த்தியசாலிகள் என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். முட்டி வலி என்று போனவர்களிடம் டாக்டர் மருந்து எழுதுவதை நிறுத்திவிட்டு, டயருக்குக் காற்று பிடித்துப் பாருங்கள் என்று அனுப்பினார். காற்று பிடித்த அன்று நடக்க முடியாமல் இருந்தவர்கள் மாரியம்மன் கோயிலை வேகமாகச் சுற்றி வந்தார்கள். முன் கண்ணாடியைப் பருவதத்தின் வீட்டுக்காரர் பெயிண்டர் ராக்கியப்பன் நியூஸ்பேப்பர் வைத்துத் துடைத்த காலையில், அவிநாசி தன் கடையில் நின்றபடியே பழைய ரயில்வே கேட்டுக்கு மேலே வந்த மேம்பாலத்தில் போகிற பஸ்ஸின் போர்டைப் படித்தான். மருமகளோடு சண்டை போட்ட சரசாள், அன்று சாயங்காலம் மருமகள் வண்டியோரமாகக் கையில் கல்லோடு நின்றதைப் பார்த்துவிட்டு, தானாகவே சமாதானத்துக்குப் போனாள். கோழியைத் துரத்தத்தான் கல்லை எடுத்தேன் என்று மருமகள் சொன்னாள், சரசாளும் ஒத்துக்கொண்டாள். மேம்பாலம் வந்த பிறகு ஆஸ்பத்திரியில் பிறந்த ஆட்டுக்காரக் கொழந்தவேலுவுக்குத்தான் தாங்க முடியவில்லை. தனக்கு எதுவுமே வலிக்கவில்லை என்ற வருத்தத்தில் அவன் சும்மா நொண்டிக்கொண்டு திரிந்தான்.

பருவதத்துக்கும் எதுவும் வலிக்கவில்லை.

முதல் நாள் மட்கார்டைத் தட்டியபோது தட்டிய கையில் சுத்தியின் அதிர்வைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் சென்னியப்பன் பட்டறைக்கு வந்து, "ஏம்மணி, உன்ற தோளு எப்படி இருக்குது? எங்களுக்கே இப்படின்னா உனக்கு ஜாஸ்தியாத்தான் இருக்கோணும்" என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை, கை தானாக இடது தோளுக்குப் போனது. "இருக்குதுங்கண்ணா" என்றாள். அதிலிருந்து அவளுக்கு இரட்டை வேலை. தட்ட வேண்டும், தட்டிய இடத்துக்குத் தகுந்தாற்போலத் தன் உடம்பிலும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை வலது கதவைத் தட்டிவிட்டு இடது விலாவைப் பிடித்தாள், நல்லவேளை வலி சொல்ல உட்கார்ந்திருந்தவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தனியே இருக்கும்போது வண்டியின் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள், தன் உள்ளங்காலால் டயரை உதைத்துப் பார்த்தாள். தகரம் தகரமாகவே இருந்தது. நான் இதற்குப் பிறந்தவள் இல்லையென்றால் வேறு எதற்குப் பிறந்தவள் என்ற கேள்வி அவளுக்குள் உட்கார்ந்துகொண்டு சோற்றை இறங்கவிடவில்லை.

இன்ஜின் விஷயம் அப்புறம் வந்தது. மேம்பாலம் கட்டி, ஆம்புலன்ஸ்கள் வந்து, வண்டியை ஓரங்கட்டிய வருஷத்தில் ஆறுச்சாமி இன்ஜினை மட்டும் தனியே இறக்கிக்கொண்டு வந்து மகளின் பட்டறை மூலையில் சாக்கைப் போர்த்தி வைத்து, தான் கண்ணை மூடும்வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் எண்ணெய் விட்டு வந்தார். பருவதம் அந்தச் சாக்கை எடுத்துவிட்டு ஃபேனைக் கையால் அரைச்சுற்றுச் சுற்றினாள். ஊர் முழுவதும் கேட்டடிப் பிள்ளைகளின் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு அடுத்ததை இரண்டாகப் போட்டது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு இப்படித்தான் அடித்தது என்று சரசாள் பிற்பாடு வெட்கத்தோடு சொன்னாள், ஆனால் அந்த நேரத்தில் எல்லாரும் பயந்துதான் போனார்கள்.

மறுநாள் குடோன் முற்றத்தில், வண்டி கண்ணில் படுகிற இடத்தில், கமிட்டி கூடியது.

"இன்ஜின் வேண்டாமுங்க" என்றார் சென்னியப்பன். "நாலு ரோட்டுல கண்ணாடி ரூம் ஒன்னு கட்டுவோம். வண்டியக் கல்லு மேல ஏத்தி உள்ள வெச்சிருவோம். நல்லாப் பெயிண்டு அடிச்சு, லைட்டுப் போட்டு, ஆயுத பூசைக்கு மாலை போட்டுட்டோம்னா வண்டிக்கும் மரியாதை, நம்ம ஒடம்புக்கும் பாதுகாப்பு. ஒரு ஈ மேல உக்காரக் கூடாது."

"ஓட்டிப் பாக்கலாமுங்கண்ணா" என்றாள் பருவதம். "அது ஓடுன வண்டிங்க."

"ஓடுனா எங்கியாச்சும் முட்டும் அம்மணி. முட்டுச்சுன்னா ஊரே மாவுக்கட்டோட திரியோணும்."

கூட்டம் சிரித்தது. சிரிப்பில் நியாயம் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் அப்பா விட்டுவிட்டுப் போன இன்ஜின் சாக்குக்கு அடியில் கிடக்க, வெறும் தகரத்துக்கு மாலை போடுவதா என்று மனது ஆறவில்லை. எழுந்து வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, என்னென்ன மாற்ற வேண்டும், எது அப்படியே போதும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழந்தவேலுவின் வெள்ளாடு ஒன்று பின்னாலிருந்து வந்து பானெட்டில் ஏறி, அங்கிருந்து வண்டிக் கூரைக்குத் தாவியது. முற்றத்தில் இருந்த அத்தனை கேட்டடிப் பிள்ளைகளும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

"கிளட்ச் பிளேட்டு ஒன்னு மட்டும் புதுசாப் போட்டுட்டா" என்று பருவதம் பேசிக்கொண்டே இருந்தாள், "கியர் பாக்ஸு அப்படியே ஆகுமுங்க."

சத்தம் அடங்கியிருப்பதை உணர்ந்துதான் நிறுத்தினாள். கூரையில் ஆடு இங்குமங்கும் நடந்தது, அது வைத்த ஒவ்வொரு அடிக்கும் எதிரே வரிசையாக முகங்கள் சுளித்தன, எல்லாருடைய கண்ணும் சுளித்தபடியே அவள் மேல் இருந்தது. அவளுடைய கை, நேரம் கடந்து, தலையை நோக்கிப் பாதி உயர்ந்து அப்படியே நின்றது.

"அக்கா நம்ம கட்சியாட்டம் இருக்குதுங்க" என்றான் கொழந்தவேலு. அன்றைக்கு ஊரில் சந்தோஷமாக இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

பருவதம் உயர்ந்த கையை இறக்கிக்கொண்டு முற்றத்தை விட்டு வெளியேறினாள். பட்டறைக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போனாள். அவளுடைய அம்மா மயிலாத்தாள், விதைக்குக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள், வெயிலில் வந்து நிற்கிற மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நான் எங்கம்மா பொறந்தேன்?"

"ஆஸ்பத்திரில" என்றாள் மயிலாத்தாள், மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

பருவதம் அப்படியே கடலைக்காய்த் தொலிமேல் உட்கார்ந்துவிட்டாள். "இத்தன வருசமா வண்டில பொறந்தேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

"நானெப்பச் சொன்னேன்? ஊரு சொல்லுச்சு. இல்லைன்னு சொல்ல வேண்டாம்னு உங்கய்யன் சொன்னாரு, நானும் சொல்லுல." மயிலாத்தாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "அன்னைக்குக் கேட்டு தெறந்து கெடந்துச்சு கண்ணு. எப்பப் போனாலும் மூடிக் கெடக்கற கேட்டு, அன்னைக்கு வானத்தப் பாத்துட்டு நிக்குது. உங்கய்யன் பழக்கதோசத்துல வண்டிய நிறுத்திப்போட்டு ஹாரன் அடிக்கறாரு. தெறந்த கேட்டுக்கு முன்னால உக்காந்துட்டு ஹாரன். எனக்கு வலி ஒருபக்கம், கோவம் ஒருபக்கம். யோவ், தெறந்துதான கெடக்குது, போய்யான்னு கத்துனேன். அவர நான் யோவ்னு கூப்பிட்டது அன்னைக்கு ஒரு நாத்தான். கேட்கீப்பர் பாவம் சுடுதண்ணி வாளியத் தூக்கிட்டு ஓடியாரான், வண்டி அக்கட்டால போயிருச்சு."

"அப்பறம்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தி, வந்து பொறகதவத் தூக்கிப் பாத்தாரு. நான் வயித்தோட அப்படியே படுத்திருக்கறன். அப்படி ஒரு சிரிப்பு அவரு அதுக்கு முன்னாடியும் சிரிச்சதில்ல, பொறகும் சிரிச்சதில்ல. ஊஞ்சவலசு வண்டியா, நெசமாவே வந்துட்டீங்களான்னு நர்சம்மா கேக்கறா. பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டமுங்க, பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டமுங்கன்னு கம்பவுண்டர்கிட்டச் சொல்றாரு, வெளிய டீ விக்கறவன்கிட்டச் சொல்றாரு. பிரசவத்துக்குன்னு கெளம்பி அந்த வண்டி ஆஸ்பத்திரியப் பாத்தது ஒரே தடவ. அது நீதான்."

"அத ஏம்மா ஊருக்குள்ள மறைக்கோணும்?"

"டிரைவரு தன்ற பொண்டாட்டிக்கு மட்டும் வெரசா ஓட்டிட்டான்னு பேசுவாங்க மயிலு, அதுக்கப்பறம் வண்டி ஏறற ஒவ்வொருத்தியும் இவன் நமக்கு வெரசா ஓட்டறானான்னு நெனச்சுட்டே படுத்திருப்பா, அந்த நேரத்துல அவளுக்கு அந்த நெனப்பு வேண்டாம்னாரு. கேட்டுலயே பொறந்துச்சு, பொறவு ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்தோம்னு ஊருக்குச் சொல்லிட்டாரு." மயிலாத்தாள் முறத்தை மறுபடியும் இழுத்து ஒரு கடலைக்காயை உரித்தாள். "கேட்டுல ஒரு கொழந்தை பொறந்தா ஊரு சக்கரை குடுக்கும். உங்கய்யன் வூட்டுக்கு வந்து சோறு திங்க மாட்டாரு. இன்னைக்கும் போய்ச் சேருலியே மயிலும்பாரு. தாயும் புள்ளையும் நல்லாத்தான இருக்கறாங்கன்னு நான் சொன்னா, அது அவங்க சாமர்த்தியம், வண்டியோட சாமர்த்தியம் இல்லையேம்பாரு. அவருக்குன்னு இருந்த பெருமை நீ ஒருத்திதான். அதையும் வெளிய சொல்லிக்காமயே போயிட்டாரு."

பருவதம் அழுதாள். பரிவட்டம் போயிற்றே என்று கொஞ்சம் அழுதாள், வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அப்பாவை நினைத்து நிறைய அழுதாள். அழுது முடித்தபோது, முதல் தட்டிலிருந்து உள்ளே உட்கார்ந்திருந்த அந்தக் கேள்வி எழுந்து போயிருந்தது, அந்த இடத்தில் அதுவரை அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு பெருமை வந்து நிமிர்ந்து நின்றது. ஊரார் கட்டிவிட்ட பெருமையாக இருந்தால் அவிழ்ந்துபோகும், இது அப்பாவுடையது, அவிழாது என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு, பீரோவைத் திறந்து பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு, பொழுதோடு மறுபடியும் குடோன் முற்றத்துக்குப் போனாள். போகிற வழியில் கொழந்தவேலுவிடம் கமிட்டியை இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள், அவனும் நொண்ட மறந்து ஓடினான்.

எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் பரிவட்டத்தைச் சென்னியப்பனின் கையில் கொடுத்துவிட்டு, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தோளைப் பிடித்து நடித்ததையும் சொன்னாள். கேட்டு முடித்த கூட்டம் கசமுசவென்று பேசிக்கொண்டது, ஆறுச்சாமி பயந்த அதே கேள்வி இத்தனை வருஷம் கழித்தும் வந்தே தீர்ந்தது.

"அப்ப எங்காத்தாளக் கூட்டிட்டுப் போறப்ப மெதுவா ஓட்டுனாருங்களா?" என்று அவிநாசி கேட்டான்.

"ஒரே வேகம்தான். உனக்குக் கேட்டு மூடியிருந்துச்சு, எனக்குத் தெறந்திருந்துச்சு" என்றாள் பருவதம். "அந்த அதிர்ஷ்டத்துக்குத்தான் அவரு சாகற மட்டும் வெளிய சொல்லாம இருந்தாரு. உங்களுக்கெல்லாம் நீங்க வண்டில பொறந்தது பெருமை. எங்கய்யனுக்கு அது ஒவ்வொன்னும் போய்ச் சேராத சவாரி. அவரு போய்ச் சேந்ததுக்கு இந்த ஊர்ல ஒரே சாட்சி நான்தானுங்க. எனக்கு வலிக்காம இருக்கறதுதான் அந்தச் சாட்சி."

"அப்ப நாங்கெல்லாம் யாரு அம்மணி?" என்று சென்னியப்பன் மெதுவாகக் கேட்டார்.

"நீங்கெல்லாம் வழியிலயே எறங்கிட்டவங்க."

ஒருவர் சிரித்தார், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பருவதம் சிரிக்கவில்லை. "கண்ணாடி ரூம் கட்டுங்கண்ணா, நான் வேண்டாங்கல. தகரத்தத் தட்டி, கண்ணு கூசற மாதிரி பெயிண்டும் எங்க வூட்டுக்காரர அடிச்சுத் தரச் சொல்றேன். ஆனாக் கல்லு மேல ஏத்தி நிக்க வெச்சீங்கன்னா, அது மறுபடியும் மூடுன கேட்டுல நிக்கறதுதானுங்க. எத்தன மாலை போட்டாலும் கேட்டுத்தான்."

சென்னியப்பன் மடியில் கிடந்த பரிவட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சரசாளிடமிருந்து வந்தது. அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்ஜினப் போட்டுரு கண்ணு" என்றாள். "நின்னது போதும்."

திட்டம் அன்று மாலையே தலைகீழாக மாறியது. தகரம் பின்னுக்குப் போய் இன்ஜின் முன்னுக்கு வந்தது. அதை வண்டியில் இறக்குகிற காலையில் கேட்டடிப் பிள்ளைகள் யாரும் தனியாக இருக்கக் கூடாது, ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று முடிவானது, அதற்காகப் பல வருஷப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட ஒரே பெஞ்சில் உட்கார ஒத்துக்கொண்டார்கள். யார் ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. ஒவ்வொரு குழியும் தன் முதுகில் விழுகிறவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் முதல் குழியிலேயே இறங்கிவிடுவான், வலிக்காத கைதான் வேண்டும் என்று கமிட்டி ஒரே குரலில் சொன்னது. கொழந்தவேலு தானும் வலிக்காதவன்தான் என்று கை தூக்கினான், வழியில் ஆடுகள் வந்தால் விரட்டுகிற வேலை அவனுக்குக் கிடைத்தது.

வைரவிழா நாளில், பிறந்த நாளில்கூட அப்படி மின்னியிருக்காத வெண்ணெய் நிறத்தில் வண்டி குடோன் முன்னால் நின்றது. பின்னால் சீட்டை மடக்கி, ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்கென்று சொசைட்டி நெய்த புதுத் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். மயிலாத்தாள் முன் சீட்டில் ஏறி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பருவதம் சாவியைத் திருப்பினாள். தெருவில் நின்றிருந்த அத்தனை நெஞ்சும் ஒரே தாளத்துக்கு வந்தது, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளங்கையில் கியர்க் கம்பியின் நடுக்கம் மட்டும்தான், ஆறுச்சாமிக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

கேட்டடிப் பிள்ளைகள் வண்டியில் ஏறவில்லை. உள்ளுக்குள்ளும் வெளியேயும் ஒரே நேரத்தில் குலுங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குள்ளேயே கைகளைக் கோத்து நின்றபடி அவர்கள் வண்டியோடு போனார்கள். சந்தை மேடு ஏறுது என்றாள் சரசாள், எல்லாரும் பின்னால் சாய்ந்தார்கள். மேம்பாலத்தில் ஏறும்போது எல்லாருக்கும் அடிவயிறு லேசானது. பாலத்துக்கு அடியில் ஒரு சரக்கு ரயில் அசைந்து அசைந்து போகிற அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது, யாரும் மூச்சு விடவில்லை, வண்டி நிற்கவில்லை. அதற்கு அப்பால் இருக்கிற வழி அவர்களுடைய உடம்புக்குப் பழக்கமில்லாத வழி. புளியமர வரிசை, ஒரு பெட்ரோல் பங்கின் வளைவு, ஒரு வேகத்தடை, ஒவ்வொன்றுக்கும் தலை நரைத்த ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் கையை ஒருவர் இறுக்கினார்கள்.

பிறகு தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் பருவதம் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ஊஞ்சவலசில் சென்னியப்பன் கண்ணைத் திறந்து, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, "எறங்கலாமுங்க" என்றார். கேட்டடிப் பிள்ளைகள் எல்லாரும், பேரன் பேத்தி எடுத்த பிறகு, அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.